பரமபதத்துல என்ன முடிவு எடுக்க இருக்கு?

கேம் டிசைன் கத்துக்க எங்க சேரலாம்னு கேக்குற பசங்களுக்கு நான் சொல்ற பதில் கொஞ்சம் கடுப்பேத்தும். நாலு புக் படிங்கடா, ஆனா அதுல இருக்குறத அப்படியே நம்பாம படிங்கன்னு சொல்லுவேன். படிப்பு இல்லாம இல்ல, நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைனோட பெங்களூரு கேம்பஸ்ல டிஜிட்டல் கேம் டிசைன்னே முதுகலை இருக்கு, என்ட்ரன்ஸ் எழுதி போக முடியுறவங்க தாராளமா போகட்டும். நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல குடியிருந்துகிட்டு பாண்டியில கேமுக்கு சம்பந்தமே இல்லாத ஒரு ஆபீஸ்ல வேலை பாக்குற ஆளு, எனக்கு புக்கு தான் வழி. கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம்னு பஸ் நின்னு நின்னு போகும்ல, சீட் கிடைச்சா ஒரு சாப்டர், கிடைக்கலன்னா கம்பிய ஒரு கையில புடிச்சுகிட்டு போன்ல பிடிஎஃப்.

கேம் டிசைன்னு சொன்னதும் வீட்ல எல்லாரும் கோடிங்னு நினைச்சுக்குறாங்க, சில பேர் பசங்கள கெடுக்குற வேலைன்னும் நினைக்கிறாங்க, ரெண்டாவதுக்கு என்கிட்ட பதில் இல்ல. முதல்லதுக்கு மட்டும் சொல்லிடுறேன், டிசைன்ங்குறது விதி எழுதுறது. யாரு எப்ப என்ன செய்யலாம், செஞ்சா என்ன ஆகும், எப்ப முடியும். அத பேப்பர்லயும் செய்யலாம், கம்ப்யூட்டர்லயும் செய்யலாம்.

நான் முதல்ல எடுத்தது ராஃப் காஸ்டர் 2004-ல எழுதுன 'எ தியரி ஆஃப் ஃபன்'. அல்டிமா ஆன்லைன்னு பெரிய ஆன்லைன் கேமுக்கு லீட் டிசைனரா இருந்தவரு. ஒரு பக்கம் எழுத்து, எதிர் பக்கம் கார்ட்டூன், பஸ்ல படிக்க அத விட தோதான புக் கிடையாது. அவரு சொல்றது ஒரே ஒரு விஷயம் தான், நம்ம மூளை ஒரு பேட்டர்ன கத்துக்கும்போது வர்ற சந்தோஷம் தான் ஃபன், கத்து முடிச்சிட்டா போர். எக்ஸ்-ஓ ஆட்டத்த உதாரணம் காட்டுறாரு. சின்ன வயசுல நோட்டு பின்பக்கம் பூரா கட்டம் போட்டு ஆடுவோம், ஒரு நாள் ரெண்டு பேருமே ஒழுங்கா ஆடுனா ட்ரா தான் ஆகும்னு தெரிஞ்சிடும், அதோட அந்த ஆட்டம் செத்துது.

படிச்சப்ப அடடான்னு இருந்துச்சு. அப்புறம் எங்க சித்தப்பா ஞாபகம் வந்தாரு. பல வருஷமா அதே நாலு பேரோட, அதே திண்ணையில, அதே ரம்மி. அவரு புதுசா எந்த பேட்டர்னும் கத்துக்கல, கத்துக்குற ஐடியாவும் இல்ல, ஆனா ஒரு நாள் சீட்டு இல்லன்னா முகம் தொங்கிடும். காஸ்டர் சொல்றபடி பாத்தா அவருக்கு எப்பவோ போரடிச்சிருக்கணும். புக்கு தப்பா, சித்தப்பா தப்பான்னு யோசிக்க ஆரம்பிச்சது தான் எனக்கு உண்மையான பாடம். அதுக்கப்புறம் எந்த கேம் டிசைன் புக்க எடுத்தாலும் அதுல வர்ற மோனோபோலி, செஸ், மாரியோ எல்லாத்தையும் தூக்கிட்டு நான் ஆடி வளந்த ஆட்டத்த அங்க வெச்சு பாப்பேன். சில இடத்துல புக்கு நிக்கும், சில இடத்துல தடுமாறும். தடுமாறுற இடத்துல தான் சரக்கு இருக்கு.

இதுல என்ன ரொம்ப நாள் தூங்கவிடாதது பரமபதம். சிவிலைசேஷன்னு கம்ப்யூட்டர் கேம் செஞ்ச சிட் மெயர் சொன்னதா எல்லா புக்லயும் ஒரு விளக்கம் வரும், கேம்னா சுவாரசியமான முடிவுங்க ஒண்ணு மேல ஒண்ணு வர்றதுன்னு. சரி, பரமபதத்துல என்ன முடிவு எடுக்க இருக்கு? உருட்டணும், விழுந்தத எண்ணணும், ஏணி வந்தா ஏறணும், பாம்பு வந்தா இறங்கணும், அவ்வளவு தான். நம்மள எடுத்துட்டு ஒரு குரங்க உக்கார வெச்சாலும் ரிசல்ட் மாறாது. இந்த அளவுகோல வெச்சா பரமபதம் கேமே இல்ல. ஆனா வைகுண்ட ஏகாதசிக்கு விடிய விடிய ஆடுறோமே?

இதுக்கு பதில் ஒரு புக்ல இல்ல, ராபின் ஹ்யூனிக்கி, மார்க் லெப்ளாங்க், ராபர்ட் ஸூபெக் மூணு பேரும் சேந்து 2004-ல எழுதுன ஒரு குட்டி பேப்பர்ல கிடைச்சுது. எம்டிஏ-ன்னு கூப்பிடுவாங்க. மெக்கானிக்ஸ், டைனமிக்ஸ், ஈஸ்தடிக்ஸ். விதி ஒண்ணு, அந்த விதி ஆடும்போது எப்படி ஓடுதுங்குறது ஒண்ணு, ஆடுறவங்களுக்கு என்ன உணர்வு வருதுங்குறது ஒண்ணு. டிசைனர் விதியில இருந்து பாக்குறான், ஆடுறவங்க உணர்வுல இருந்து பாக்குறாங்க, அதனால முதல்ல என்ன உணர்வு வேணும்னு கேட்டுட்டு அங்கிருந்து பின்னாடி வான்னு சொல்றாங்க. ஃபன்னு ஒத்த வார்த்தையில முடிக்காம எட்டு வகையா பிரிச்சும் வெச்சிருக்காங்க, சவால், கற்பனை, கூட்டாளித்தனம், கண்டுபிடிக்கிறதுன்னு போயிட்டு கடைசியில ஒண்ணு வரும், சும்மா பொழுது போக தன்ன ஆட்டத்துகிட்ட ஒப்படைக்கிறதுன்னு. எங்க சித்தப்பா அங்க உக்காந்திருந்தாரு.

இப்ப பரமபதத்துக்கு வாங்க. ஏகாதசி ராத்திரி என்ன தேவை? தூங்கக்கூடாது. காலையில திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்கு கிளம்புற வரைக்கும் முழிச்சிருக்கணும். ஆடுறவங்க யாரு? காலையில இருந்து பட்டினி கிடக்குற பாட்டி, ஆறு வயசு வாண்டு, ஆபீஸ் போயிட்டு வந்து கண்ணு சொருகுற மாமா. ராத்திரி ரெண்டு மணிக்கு இவங்ககிட்ட போயி யோசிச்சு முடிவெடுக்குற ஆட்டத்த குடுத்தீங்கன்னா அப்படியே சாஞ்சிடுவாங்க. முடிவெடுக்க எதுவுமே இல்லாததால தான் பாட்டியும் வாண்டும் சரிசமம். நாலஞ்சு உருட்டுக்கு ஒரு தடவ யாரையாச்சும் பாம்பு கடிக்குது, எல்லாரும் கத்துறாங்க, தூக்கம் கலையுது. மேல போயி இன்னும் ரெண்டு கட்டம்ங்குற இடத்துல அந்த பெரிய பாம்பு ஒண்ணு படுத்திருக்கும்ல, அது கடிச்சா பழையபடி அடி மட்டத்துக்கு. சின்ன வயசுல அழுதிருக்கேன் அதுக்கு. இப்ப பாத்தா அந்த பாம்பு தான் ஆட்டத்த அரை மணி நேரத்துல முடிய விடாம இழுக்குது, ஆட்டம் சீக்கிரம் முடிஞ்சா விடியாதே. சுவாரசியமான முடிவுங்குற விளக்கம் செஸ்க்கும் சிவிலைசேஷனுக்கும் சரி, கண் முழிக்கிறதுக்கு செஞ்ச ஆட்டத்துக்கு அது அளவே இல்ல.

இத படிச்சிட்டு நம்ம பாட்டிங்க அப்பவே கேம் டிசைனருங்கன்னு யாரும் குரூப்ல ஃபார்வர்ட் போட்டுடாதீங்க ப்ளீஸ். நான் சொல்ல வர்றது அது இல்ல. தலைமுறை தலைமுறையா ஆடி, செட் ஆகாதத தள்ளி, செட் ஆனத வெச்சுகிட்டதுல சிலது ரொம்ப நல்லா வந்திருக்கு, சிலது சுமாரா தான் வந்திருக்கு. தாயத்துல தாயம் விழுந்தா தான் காய் இறங்கும்ங்குற விதி எனக்கு சுமார் தான். எங்க வீட்டு பித்தளை தாயக்கட்டையில ஒரு பக்கம் வெத்து, மத்த பக்கம் ஒண்ணு, ரெண்டு, மூணு. ரெண்டு கட்டைய உருட்டுனா மொத்தம் 16 விதமா விழும், அதுல தாயம், அதாவது மொத்தம் ஒண்ணு விழுறது, ரெண்டே ரெண்டு. எட்டுல ஒரு வாய்ப்பு. கணக்கு போட்டு பாத்தேன், எட்டு தடவ உருட்டியும் தாயமே விழாம உக்காந்திருக்க மூணுல ஒரு வாய்ப்பு இருக்கு. நாலு பேர் ஆடுனா ஒருத்தராச்சும் பெரும்பாலும் மூஞ்சிய தூக்கி வெச்சுகிட்டு மத்தவங்க ஆடுறத வேடிக்கை பாத்துட்டு இருப்பாங்க, எல்லா வீட்லயும் அந்த ஒருத்தர் யாருன்னு தெரியும். அதே தாயத்துல, ஒருத்தரயாச்சும் வெட்டுனா தான் உள் சுத்துக்கு போகலாம்ங்குற விதி இருக்கு பாருங்க, அது பிரமாதம். அந்த விதி இல்லன்னா எல்லாரும் வெட்ட முடியாத மலை கட்டத்துல ஏறி பத்திரமா உக்காந்து உக்காந்து போயிடுவாங்க, ரேஸ் தான் நடக்கும். அந்த ஒரு வரி ரேஸ சண்டையா மாத்துது.

இந்த மாதிரி ஒரு விதி மொத்த ஆட்டத்தையும் எந்த பக்கம் தள்ளுதுன்னு பாக்க கத்துக்குடுத்தது 'ரூல்ஸ் ஆஃப் ப்ளே'. கேட்டி சேலன், எரிக் ஸிம்மர்மேன், 2003, எம்ஐடி ப்ரெஸ். 600 பக்கத்துக்கு மேல, பஸ்ல தூக்கிட்டு போற புக் இல்ல, முழுசா படிச்சேன்னும் சொல்ல மாட்டேன். அதுல ஃபீட்பேக் லூப், அதாவது ஆட்டத்தோட நிலைமையே திரும்பி வந்து ஆட்டத்த மாத்துறது, அத பத்தின பகுதி மட்டும் படிச்சாலே காசு வசூல். மேல சொன்ன அதே மார்க் லெப்ளாங்கோட பாஸ்கெட்பால் உதாரணம் ஒண்ணு அதுல வரும். தோத்துட்டு இருக்குற டீமுக்கு கூடுதல் ஆள் குடுத்தா ஸ்கோர் கிட்ட கிட்டயே இருக்கும், ஜெயிக்கிற டீமுக்கு கூடுதல் ஆள் குடுத்தா இடைவெளி பெருசாகிட்டே போகும். முதல்லது நெகட்டிவ், ரெண்டாவது பாசிட்டிவ். பாசிட்டிவ்னா நல்லதுன்னு அர்த்தம் இல்ல, பணக்காரன் மேல மேல பணக்காரன் ஆகுற கதை அது.

பல்லாங்குழிய எடுத்துக்குங்க. ஒரு ஆட்டம் முடிஞ்சதும் தோத்தவங்க கையில இருக்குற முத்த வெச்சு எத்தன குழி நிரப்ப முடியுமோ அத்தன நிரப்பிட்டு மிச்ச குழிய மூடிடுவாங்க. குழி கம்மின்னா அடுத்த ஆட்டத்துல வாய்ப்பும் கம்மி, இன்னும் தோப்பாங்க, இன்னும் குழி மூடும். சுத்தமான பாசிட்டிவ் லூப். அதனால தான் பல்லாங்குழியில பாதிக்கு மேல யாரு ஜெயிப்பாங்கன்னு தெரிஞ்சிடும், அதுக்கப்புறம் நடக்குறது சம்பிரதாயம். இவ்வளவு வருஷம் ஆடியும் எனக்கு இது கண்ணுல படவே இல்ல.

நான் செஞ்சுகிட்டு இருக்குற ஆட்டத்துக்கு இது நேரடியா உதவுச்சு. மீன் ஏலம். முதுநகர் துறைமுகத்துல காலையில போட் வந்ததும் நடக்குற ஏலத்த வெச்சு ஒரு சீட்டாட்டம், ஆடுறவங்க எல்லாம் வியாபாரி, நடுவுல கூடை கூடையா மீன் வரும், வஞ்சிரம், சங்கரா, மத்தி, நெத்திலி, கனவா. ஏலம் எடுத்து, வித்து, கடைசியில யாருகிட்ட காசு அதிகமோ அவங்க வின். ஆரம்பத்துல ஆடிப் பாத்தப்ப ஒரே பிரச்சனை, முதல் ரெண்டு கூடையில லாபம் பாத்தவரு அந்த காசுல எல்லா கூடையையும் வளைச்சிடுவாரு, மத்தவங்க கைய கட்டிகிட்டு வேடிக்கை. பல்லாங்குழி அப்படியே. லெப்ளாங்க் மாதிரி தோக்குறவங்களுக்கு காசு குடுத்து பாத்தேன், அது தர்மம் மாதிரி இருந்துச்சு, வாங்குறவங்களுக்கே பிடிக்கல. அப்புறம் துறைமுகத்துல நிஜமாவே என்ன நடக்குதுன்னு யோசிச்சேன். அங்க பெரிய வியாபாரியால மொத்தத்தையும் ஏன் வாங்க முடியல? ஐஸ். எல்லாருக்கும் ஐஸ் பெட்டி மூணு தான்னு விதி வெச்சேன், பெட்டிக்கு வெளிய இருக்குற மீன் அந்த ரவுண்டுலயே அழுகிடும். இப்ப காசு இருக்குறவன் தான் ஜாஸ்தி பயப்படுறான், ஆச பட்டு வாங்குனா நாறும். தோக்குறவனுக்கு நான் எதையும் தூக்கி குடுக்கல, ஜெயிக்கிறவனோட வசதியே அவனுக்கு தொல்ல ஆகுது.

ஜெயிக்கிறவனுக்கு எப்படி பிரேக் போடுறதுன்னு இதவிட நைசா ஒரு ஆட்டத்துல பாத்தது பாண்டியில தான். பெத்தாங்க். பிரெஞ்சு ராணுவத்துல இருந்து ரிட்டயர்டு ஆன சொல்தா குடும்பத்து தாத்தாங்க சாயந்திரத்துல இரும்பு குண்டு வெச்சு ஆடுவாங்களே, அது. விதி ரொம்ப கம்மி. சின்ன மரக்குண்டு ஒண்ண ஆறு மீட்டர்ல இருந்து பத்து மீட்டருக்குள்ள போடணும், அதுக்கு யாரு குண்டு கிட்ட போகுதோ அவங்களுக்கு பாயிண்டு, 13 வந்தா ஆட்டம் முடிஞ்சுது. ஆனா வரிசை எப்படி தெரியுமா? மாறி மாறி இல்ல. யாரு குண்டு தள்ளி இருக்கோ அந்த டீம் தான் போட்டுகிட்டே இருக்கணும், எதிராளிய விட கிட்ட போற வரைக்கும். பாத்தா தோக்குறவங்களுக்கு சலுகை மாதிரி இருக்கும், அவங்களுக்கு தானே சான்ஸ் மேல சான்ஸ். ஆனா போட போட கையில இருக்குற குண்டு தீருது, எதிர் டீம் முழு கையோட சிரிச்சுகிட்டு நிக்கிறான், கடைசியில அவன் வரிசையா போட்டு பாயிண்ட ஏத்துவான். சலுகையும் தண்டனையும் ஒரே விதிக்குள்ள. நான் பீச் ரோடு பக்கம் வேலைய முடிச்சிட்டு இத வேடிக்கை பாத்த நேரத்துக்கு இன்னும் ரெண்டு புக் படிச்சிருக்கலாம், ஆனா பாத்ததுல நஷ்டம் இல்ல.

பெத்தாங்க் வந்த கதையும் டிசைன் பாடம் தான். பிரான்ஸ்ல தெற்கு பக்கம் லா சியோட்டான்னு ஒரு ஊர், 1900-கள் ஆரம்பத்துல நடந்தது. அதுக்கு முன்னாடி இருந்த ஆட்டத்துல சில அடி ஓடி வந்து குண்ட எறியணும். ஜூல் லெநுவார்னு நல்லா ஆடிகிட்டு இருந்த ஒருத்தருக்கு மூட்டுவாதம் வந்து ஓட முடியாம போச்சு, அவருக்காக தூரத்த குறைச்சு, வட்டம் போட்டு ரெண்டு காலும் ஊனி நின்ன இடத்துல இருந்தே எறியலாம்னு மாத்துனாங்க. ஒருத்தருக்காக செஞ்ச சலுகை, இப்ப எழுபது வயசு தாத்தாவும் இருபது வயசு பேரனும் ஒரே டீம்ல ஆடுற ஆட்டமா நிக்குது.

சரி, ப்ளேடெஸ்ட், அதாவது செஞ்ச ஆட்டத்த மத்தவங்கள ஆட விட்டு பாக்குறது. 'தி ஆர்ட் ஆஃப் கேம் டிசைன்' எழுதுன ஜெஸ்ஸி ஷெல், டிஸ்னியில வேலை பாத்துட்டு அப்புறம் கார்னகி மெலன்ல சொல்லித்தர்றவரு, 2008-ல வந்த முதல் பதிப்புல நூறு லென்ஸ் குடுத்திருக்காரு, ஒவ்வொண்ணும் நம்ம ஆட்டத்த பாத்து கேட்டுக்க வேண்டிய சில கேள்வி. எத்தன தடவ ஆடிப்பாத்து திருத்துறீங்களோ அவ்வளவு நல்லா வரும்னு அடிச்சு சொல்றாரு. கரெக்ட் தான். ஆனா ஆடிப்பாத்தவங்க கிட்ட கேட்டுக்கணும்னு இந்த புக்குங்க சொல்ற கேள்வி எல்லாம் நம்ம வீட்ல வேலைக்கு ஆகாது. எப்படி இருந்துச்சுன்னு கேட்டா எல்லாரும் நல்லா இருக்குப்பான்னு தான் சொல்லுவாங்க, சோத்துல உப்பு இல்லன்னா கூட விருந்தாளி சொல்ல மாட்டாங்கல்ல. அதனால நான் கேக்குறதே இல்ல. போன எப்ப எடுக்குறாங்கன்னு பாக்குறேன். தண்ணி குடிக்க யாரு எந்த ரவுண்டுல எழுந்திரிக்கிறாங்க, முடிஞ்சதும் சீட்ட அடுக்கி என்கிட்ட குடுக்குறாங்களா இல்ல அவங்களே கலைச்சு போட ஆரம்பிக்கிறாங்களா. கடைசி ஒண்ணு நடந்தா அன்னைக்கு நல்ல நாள்.

எங்க அத்தை தான் என்னோட பெஸ்ட் டெஸ்டர், அவங்களுக்கு அது தெரியாது. விதிப்படி விலைய ஏத்தி ஏத்தி கேக்கணும். அத்தை கேக்க மாட்டேன்னுட்டாங்க. "என்னடா மத்திக்கு இந்த விலை சொல்ற, யாரு வாங்குவா? குறைச்சு சொல்லு, இல்லன்னா நான் போறேன்"ன்னு சீட்ட கீழ வெச்சிட்டாங்க. அத்தை விதிய தெரியாம சொல்லல, மீன் வாங்குறவங்க அப்படித்தான் வாங்குவாங்க. அப்புறம் ஏலத்தையே தலைகீழா போட்டேன், விலை மேல இருந்து இறங்கும், யாரு முதல்ல "நிறுத்து"ன்னு கத்துறாங்களோ அவங்களுக்கு கூடை. நெதர்லாந்துல பூ ஏலம் இப்படித்தான் நடக்கும். ஆட்டம் பாதி நேரத்துல முடிஞ்சுது, சத்தம் டபுள். மூச்ச புடிச்சுகிட்டு ஒருத்தர ஒருத்தர் மொறச்சுகிட்டு விலை இறங்க இறங்க காத்திருக்குற அந்த அஞ்சு செகண்டு தான் இப்ப ஆட்டமே.

புக்குல இருந்து கத்துக்கவே முடியாத ஒண்ணும் இருக்கு, கைக்கு எப்படி படுதுங்குறது. ஸ்டீவ் ஸ்விங்க் 'கேம் ஃபீல்'னு 2008-ல ஒரு முழு புக்கே எழுதியிருக்காரு, பட்டன அழுத்துனதுல இருந்து ஸ்க்ரீன்ல நகர்ற வரைக்கும் 100 மில்லி செகண்டுக்குள்ள இருந்தா தான் உடனே நடந்த மாதிரி இருக்கும்னு கணக்கோட சொல்றாரு. செகண்டுக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம், ஓடுற கேம்ல அது ஆறு ஃப்ரேம். படிக்க ஜோரா இருந்துச்சு. கோடாட்னு கேம் செய்யுற சாஃப்ட்வேர்ல ஒரு பொம்மைய குதிக்க விட்டு, ஈர்ப்பு விசை நம்பர மாத்தி மாத்தி பாத்தப்ப தான் அந்த புக்குல எதுக்கு அத்தன பக்கம்னே புரிஞ்சுது. ஏறும்போது ஒரு ஈர்ப்பு, இறங்கும்போது அத விட அதிக ஈர்ப்புன்னு வெச்சா குதிக்கிறது நறுக்குன்னு இருக்கும், விளிம்ப தாண்டி ரெண்டு மூணு ஃப்ரேம் கழிச்சு பட்டன் அழுத்துனாலும் குதிக்க விட்டா ஆடுறவன் தன்ன கெட்டிக்காரன்னு நினைச்சுக்குவான். இதெல்லாம் நீச்சல் மாதிரி, கரையில உக்காந்து படிச்சா வராது.

கடைசியா எத முதல்ல படிக்கிறதுன்னு கேப்பீங்க. காசு செலவு பண்ண வேணாம்னா எம்டிஏ பேப்பர் நெட்ல ஃப்ரீயாவே இருக்கு, அஞ்சாறு பக்கம், அதுல இருந்து ஆரம்பிங்க. அடுத்து காஸ்டர், ஒரு வார பஸ் பயணத்துல முடிஞ்சிடும். ஷெல்ல வரிசையா படிக்காதீங்க, தூங்கிடுவீங்க, உங்க ஆட்டம் எங்கயாச்சும் மாட்டிகிட்டு நிக்கும்போது ஏதோ ஒரு பக்கத்த பிரிச்சு அதுல இருக்குற கேள்விய மட்டும் கேட்டு பாருங்க. ரூல்ஸ் ஆஃப் ப்ளே விலை ஜாஸ்தி, எங்கயாச்சும் லைப்ரரில கிடைச்சா ஃபீட்பேக் பகுதிய மட்டும் படிச்சிட்டு வெச்சிடுங்க, சேலனும் ஸிம்மர்மேனும் கோச்சுக்க மாட்டாங்க. மீன் ஏலத்துக்கு இன்னும் நாலு பேருக்கு மேல ஆடுனா கடைசி கூடையில இழுக்குற பிரச்சனை இருக்கு, யாரும் கத்தாம விலை பூஜ்ஜியத்துக்கே இறங்கிடுது. அத்தைகிட்ட விட்டிருக்கேன், ஞாயித்துக்கிழமை மீன் வாங்க போயிட்டு வந்து ஆடலாம்னு சொல்லியிருக்காங்க.